'கோ, வென்ட், கான்' பட்டியலில் விடுபட்ட சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் ஆங்கில வினைச்சொல் பட்டியலை என் பேத்தி கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறாள். போன வாரம் 'கோ, வென்ட், கான்' வந்திருந்தது. பக்கத்திலேயே 'போ, போனான், போயிருக்கிறான்' என்று தமிழ்ப் பொருள். அந்த மூன்றாவது பொருளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து மேலாளரைக் கேட்டிருக்கிறார். மேலாளர் அன்று காலைதான் சென்னைக்குக் கிளம்பியிருந்தார். இவள் 'ஹி ஹேஸ் பீன் டு சென்னை' என்றாள். போய்விட்டுத் திரும்பிவிட்டார் போல என்று நினைத்த அவர், 'சரி, அவரிடம் போனைக் கொடுங்கள்' என்றிருக்கிறார். இவள் அதே வாக்கியத்தை மறுபடி சொல்ல, அவரும் அதையே மறுபடி கேட்க, கடைசியில் எரிச்சலோடு போனை வைத்துவிட்டாராம். 'நான் சொன்னதில் என்ன டீச்சர் தப்பு?' என்று அன்று மாலை அழாத குறையாக என்னிடம் கேட்டாள். இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை, பொருள்தான் வேறு.

'ஹேஸ் கான்' என்றால் போனவர் இன்னும் வரவில்லை. 'ஹேஸ் பீன்' என்றால் போய்விட்டு வந்தாயிற்று. 'பீன்' பிறந்தது 'பி' என்ற வினையிலிருந்து. ஆனாலும் போய்வந்ததைச் சொல்ல ஆங்கிலேயர் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆக, 'கோ'வுக்கு மூன்றாம் வடிவம் நடைமுறையில் இரண்டு. பட்டியலில் இருப்பது ஒன்றுதான்.

நம் பிள்ளைகள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. வாசலில் வந்து நிற்பவரிடம் 'அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார்' என்கிறோம். அப்பா வீட்டில் இல்லை என்று அர்த்தம். 'நான் மதுரைக்கு ரெண்டு தடவை போயிருக்கிறேன்' என்றும் சொல்கிறோம். இது போய்வந்த கதை. இரண்டுக்கும் ஒரே 'போயிருக்க' போதும் நமக்கு. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'கான்', இரண்டாவதற்கு 'பீன்'. தன்னைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் 'பீன்'தான் வரும், ஆள் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறாரே! இந்த ஒரு குறிப்பைச் சொன்னாலே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் இதே வழியில் வருகிறது. 'நேற்று திருச்சிக்குப் போயிருந்தேன்' என்பது நமக்கு இயல்பான பேச்சு. அதை அப்படியே 'ஐ ஹேட் கான் டு திருச்சி எஸ்டர்டே' என்று சொல்லிவிடுகிறோம். வெறுமனே 'வென்ட்' போதும். வேறொரு சம்பவத்துக்கு முன்னால் போனதைச் சொல்லும்போதுதான் 'ஹேட் கான்' வேண்டும்: நான் ஸ்டேஷனுக்கு வருவதற்குள் ரயில் போய்விட்டிருந்தது என்கிறோமே, அந்த மாதிரி இடத்தில்.

'கோ'வுக்கும் 'வென்ட்'டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத வகுப்பே இல்லை. உண்மையில் இரண்டும் வேறு வேறு வினைகள். திரும்பு, நடந்து போ என்ற பொருளில் 'வெண்ட்' என்று ஒரு வினை இருந்தது. 'அனுப்பு' என்ற செண்ட் இறந்தகாலத்தில் சென்ட் ஆகிற மாதிரி, வெண்ட் வென்ட் ஆனது. பழைய ஆங்கிலத்தில் 'கோ'வின் இறந்தகாலமாக இருந்த சொல் வழக்கொழிய, அந்த இடத்தில் இந்த 'வென்ட்' வந்து உட்கார்ந்துகொண்டது. இதைச் சொன்ன பிறகு யாரும் 'கோ'வோடு 'ட்' சேர்த்து இறந்தகாலமாக 'கோட்' (goed) என்று எழுதிக்கொண்டு வந்ததில்லை, என் அனுபவத்தில்.

பொருத்தமான தமிழைக் காட்டினால் இந்த வினை நமக்கு அந்நியமே இல்லை. பால் கெட்டுப்போனதை ஆங்கிலமும் 'கோ' போட்டுத்தான் சொல்கிறது. மழை பெய்யப் போகிறது என்பதிலும் 'கோயிங்' அப்படியே உட்காருகிறது. இரு மொழியிலும் ஒரே வினை ஒரே வேலையைச் செய்வதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் தெளிவை 31 வருடம் கண்ணால் பார்த்தவள் நான். அதே 31 வருடமும் மூன்று சொல் பட்டியலைத்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். 'பீன்' பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த மாணவியும் அந்தப் பலகையைப் பார்த்துப் படித்தவள்தான்.

அடுத்த முறை இந்தப் பட்டியலைப் போடும்போது மூன்றாம் கட்டத்தில் 'கான்: போயிருக்கிறார், இன்னும் வரவில்லை', அதற்குக் கீழே 'பீன்: போய்வந்திருக்கிறார்' என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். பேத்தியின் நோட்டில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
ஈரோடு.