துப்பறிவாளருக்குள் இருந்த ஓவிய விமர்சகர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். துப்பறியும் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, அமெரிக்க நாவலாசிரியர் எஸ்.எஸ். வான் டைனை, துப்பறியும் கதைக்கு 'இருபது விதிகளை வகுத்தவர்' என்ற ஒற்றை வரியோடு கடந்துவிட்டது. அந்தப் புனைபெயரில் எழுதிய வில்லார்ட் ஹண்டிங்டன் ரைட் அதற்கு முன் கலை விமர்சகராக இருந்தவர் என்பதைச் சொல்லாவிட்டால், அவருடைய நாவல்கள் ஏன் அப்படி அமைந்தன என்பது விளங்காது.

லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் புத்தக மதிப்புரைகள் எழுதிப் பெயர் பெற்ற ரைட், 1913இல் 'ஸ்மார்ட் செட்' இதழின் ஆசிரியரானார். அந்தப் பதவி நெடுநாள் நீடிக்கவில்லை. அவருடைய தம்பி ஸ்டான்டன் மெக்டோனால்ட்-ரைட், சின்க்ரோமிசம் என்ற ஓவிய இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 1915இல் ரைட் எழுதிய 'மாடர்ன் பெயின்டிங்', நவீன ஓவியத்தின் வளர்ச்சியை விளக்கிக்கொண்டே போய்த் தம்பியின் இயக்கத்தை அதன் உச்சமாக நிறுத்துகிறது. பாசம் கொஞ்சம் கண்ணை மறைத்திருக்கலாம். ஆனாலும் அமெரிக்காவில் நவீன ஓவியத்துக்காக அவ்வளவு உரக்க வாதாடியவர்கள் அன்று மிகச் சிலரே.

1923 வாக்கில் அவர் உடலும் மனமும் குலைந்து படுக்கையில் விழுந்தார். மருத்துவர் கனமான நூல்களைத் தடுத்ததால் துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளியதாகப் பின்னாளில் அவரே சொல்லிக்கொண்டார். போதைப் பழக்கமே அந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்று 1992இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு காட்டியது.

1926இல் வெளியான முதல் நாவலான 'பென்சன் மர்டர் கேஸ்', துப்பறிவாளர் ஃபைலோ வான்ஸ், பிரெஞ்சு ஓவியர் செசானின் நீர்வண்ண ஓவியங்களை வாங்கத் திட்டமிடுவதோடுதான் தொடங்குகிறது. கொலைச் செய்தி அதற்குக் குறுக்கே வருகிறது. கையொப்பம் இல்லாத ஓவியத்தையும் பார்த்த மாத்திரத்தில் இன்னார் வரைந்தது என்று தேர்ந்த ரசிகர் சொல்லிவிடுவதைப் போல, கொலை நிகழ்த்தப்பட்ட விதத்தைக் கொண்டே கொலையாளியின் மனப்போக்கை அறியலாம் என்பது வான்ஸின் வாதம். தடயங்களை அவர் மதிப்பதில்லை. அடுத்த நாவலான 'கேனரி மர்டர் கேஸ்' கதையில் சந்தேகத்துக்குரியவர்களைச் சீட்டாட உட்காரவைத்து, அவர்கள் பந்தயம் கட்டும் முறையைக் கவனித்தே குற்றவாளியைத் தீர்மானிக்கிறார். இது விமர்சகரின் பழைய தொழில்தான். பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

1928இல் அவர் வகுத்த விதிகளில் ஒன்று, நீண்ட வருணனையும் இலக்கியச் சஞ்சாரமும் துப்பறியும் கதைக்கு ஆகாது என்கிறது. அடிக்குறிப்புகளோடு வான்ஸ் பக்கம் பக்கமாகக் கலை பேசுவதைப் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாகவே இருக்கும். நல்ல துப்பறியும் கதை ஆறுக்கு மேல் ஒருவரிடம் இருக்காது என்று சொன்னவரும் அவரே. 1939இல் நியூயார்க்கில் மறைவதற்குள் பன்னிரண்டு எழுதிவிட்டார். பிற்பாதி ஆறு நாவல்களின் தொய்வைப் பார்க்கும்போது, அந்தக் கணிப்பு மட்டும் பிசகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.