நம்பிக்கை மைய அக்காவுக்கு நன்றி

அக்கா, அரசு மருத்துவமனையில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் என்னைப் பார்த்த உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தரங்க இடத்தில் புண் வந்தால் யாரிடம் போய்க் காட்டுவது? ஏற்கெனவே ஒரு கிளினிக்கில் எல்லார் முன்னாலும் சத்தமாக விசாரித்துக் கூனிக்குறுக வைத்திருந்தார்கள். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு, "சாப்பிட்டியா தம்பி?" என்றுதான் ஆரம்பித்தீர்கள். யாரோடு, எதற்கு என்று துருவவில்லை. எச்ஐவி பரிசோதனைக்கு என் சம்மதம் கேட்டீர்கள். ரிசல்ட்டை வெளியே சொல்லக் கூடாது, 2017 எச்ஐவி சட்டமே அப்படித்தான் என்றீர்கள்.

எச்ஐவி இல்லை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. ஆரம்பக் கட்டம்தான், பென்சிலின் ஊசி போட்டால் குணமாகிவிடும் என்று, பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்துக்கு நீங்களே கூட்டிப்போனீர்கள். (அந்த ஊசி வலி இருக்கிறதே, அப்பப்பா!) அப்புறம் காண்டம் பாக்கெட்டுகளைப் பழைய பேப்பரில் பொட்டலமாக மடித்து, மறுபடி டெஸ்டுக்கு வரவேண்டிய தேதியை அதன்மேலேயே எழுதிக் கொடுத்தீர்கள். சொன்ன தேதியில் வந்தேன். நீங்கள் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ரொம்ப நன்றி அக்கா.

வெளியில் படுக்கும் என் மாதிரிப் பசங்களுக்கு: அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கிடையாது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்கள், அதுவும் இலவசம்.