கிழங்கு மசியலுக்குப் பதில் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் சர்க்கரை நோய் பற்றி வரும் கேள்வி பதில்களை விடாமல் படிக்கிறேன். 'உருளைக்கிழங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். சரி, அதற்குப் பதிலாக என்ன சாப்பிடுவது? அதை யாரும் சொல்வதில்லை. பல் போன முதியவர்களுக்கு இது பெரிய கஷ்டம்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டியில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே கிழங்கால்தான். அதைக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை. என் அம்மாவுக்கு 78 வயது. வாயில் ஒரு பல்லும் இல்லை. பல்செட் ஈறில் உரசிப் புண்ணாகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். மூன்று வருடமாக ராத்திரிச் சாப்பாடு, வேகவைத்து மசித்த கிழங்கில் வெண்ணெயும் மிளகும்தான். சர்க்கரை ஏறியதும் டாக்டர் கிழங்கைக் குறைக்கச் சொன்னார். அன்று ராத்திரி அம்மா வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுத்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

காலிஃபிளவரில் மசியல் செய்யலாம் என்று தங்கைதான் சொன்னாள். 100 கிராம் வேகவைத்த கிழங்கில் சுமார் 20 கிராம் கார்போஹைட்ரேட் என்றால், காலிஃபிளவரில் 5 கிராம்தான். முதல் நாள் கிழங்கைப் போலவே தண்ணீரில் போட்டு வேகவைத்துக் கடைந்தேன். கஞ்சி மாதிரி ஓடியது. அம்மா இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. காலிஃபிளவரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர். கிழங்கைப் போலச் சேர்த்துப் பிடிக்க மாவும் அதில் இல்லை. அதனால் தண்ணீரை வெளியேற்றுவதுதான் இதில் முழு வேலையும்.

இப்போது செய்வது இப்படி. பூவை உதிர்த்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து அலசுகிறேன். புழு இருந்தால் வந்துவிடும். தண்டையும் எறிவதில்லை, மேல்தோலைச் சீவினால் உள்ளே இளசாக இருக்கும். நான்கு பல் பூண்டோடு இட்லிப் பானையில் 15 நிமிடம் ஆவியில் வேகவைத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, சூடு ஆறியதும் முறுக்கிப் பிழிகிறேன். ஒரு நடுத்தரப் பூவில் அரை டம்ளர் தண்ணீராவது வடியும். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறேன். கிழங்கை மிக்ஸியில் போட்டால் பசையாக இழுக்கும். இது இழுக்காது, வெண்ணெய் போல வரும். குழைய வேகவைத்த பாசிப்பருப்பு இரண்டு கரண்டி சேர்த்து, வாணலியில் ஒரு ஸ்பூன் நெய் விட்டு, மூன்று நான்கு நிமிடம் சிறுதீயில் கிளறினால் கெட்டியாகிவிடும். உப்பு, மிளகு, அவ்வளவுதான். அந்தப் பருப்புதான் முக்கியம். அது இல்லாமல் செய்த நாளில் அம்மாவுக்கு நடுராத்திரி பசித்துவிட்டது.

கிழங்கென்று சொல்லி அம்மாவை ஏமாற்ற நான் நினைக்கவில்லை, ஏமாறவும் மாட்டார். முதல் வாயிலேயே, "இது பூவுன்னு தெரியுது கண்ணு, ஆனா தொண்டையில நிக்காம எறங்குது" என்றார். தட்டைக் காலி செய்தார். இப்போது வாரத்தில் ஐந்து நாள் இது, ஒரு நாள் கீரை மசியல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அரைக் கிழங்கு.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் 'தவிர்க்கவும்' என்று ஒன்றை எழுதும்போது, மெல்ல முடியாதவர் அதற்குப் பதிலாக எதை, எப்படிச் செய்து, எவ்வளவு சாப்பிடலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மார்கழி, தையில் காலிஃபிளவர் மலிவாகக் கிடைக்கும். அதற்குள் வந்தால் பல வீடுகளுக்கு உதவும்.

இந்த வாரம் நூல்கோலில் செய்து பார்க்கிறேன். அது வேக 25 நிமிடமாவது ஆகிறது, ஆனால் தண்ணீர் குறைவாகத்தான் வடிகிறது.

இப்படிக்கு,
மண்டிக் கணக்கர் ஒருவர்,
மேட்டுப்பாளையம்.