சும்மா இருக்கச் சொல்லாதே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் அம்மா உன்னிடம் கோள் சொன்னது என் காதிலும் விழுந்தது. "இந்த வயசுல வெயில்ல நின்னு செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கார்" என்றாள். நீயும் உடனே, "உழைச்சது போதும்ப்பா, நிம்மதியா இருங்க" என்றாய். வாய்ப்பேச்சில் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நிம்மதிக்கு என்னம்மா குறை? மாதம் பிறந்தால் பென்ஷன். காலையில் நடை, காபி, பேப்பர், சாப்பாடு, தூக்கம், மறுபடி காபி, டிவி. சர்க்கரைகூடக் கட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வித்தியாசம் மாத்திரை டப்பாவைத் திறந்தால்தான் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் கல்வெட்டு படிக்கச் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கூடப் படிப்பவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். சோழர் கால எழுத்தில் மெய்க்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்றுதான், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி. "தாத்தா, அது ர இல்ல, கால்" என்று ஒரு பெண் திருத்துகிறாள். கருவூலத்தில் என் கணக்கை யாரும் இப்படித் திருத்தியதில்லை. உண்மையைச் சொன்னால், திருத்தம் வாங்குவது சுகமாக இருக்கிறது.

பெரிய கோயிலுக்கு நாம் எத்தனை பிரதோஷம் போயிருப்போம்! அந்தச் சுவரில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரை வெட்டி வைத்திருக்கிறான். கோயில் பணி செய்த பெண்கள், ஆடலும் பாடலும் தெரிந்தவர்கள். திருவாரூர் முதலான பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். ஒவ்வொருத்தியும் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, அதாவது எந்தப் பக்கத்து வரிசை, எத்தனையாவது வீடு என்று வரிசையாக இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், அதுவும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து. பேரேடு எழுதியே தலை நரைத்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வந்தவர்களில் எத்தனை பேர் விரும்பி வந்தார்கள் என்பதைச் சுவர் சொல்லவில்லை. அது வேறு யோசனை.

இன்னொரு விதியும் இருக்கிறது. இவர்களில் ஒருவர் இறந்தாலோ வேறு தேசம் போய்விட்டாலோ, அடுத்த உரிமைக்காரர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அதைப் படித்ததும் உன் நினைப்புதான் வந்தது. உன் பங்கை வாங்கிக்கொள்ள இங்கே யாரும் இல்லை, பயப்படாதே.

வெயிலைப் பற்றியும் கவலை வேண்டாம். உச்சிவெயிலில் எழுத்து கண்ணுக்கே பிடிபடாது. காலையிலும் மாலையிலும் வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் குழிவு தெரியும். நடு மத்தியானம் நான் வீட்டில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், அம்மாவையே கேள்.

அவளையும் கூப்பிட்டேன். "கல்லுல இருக்கறதைப் படிச்சு நான் என்ன பண்ணப் போறேன்?" என்றாள். ஆனால் அந்த 400 பேரின் பெயர்களை நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, "ஒண்ணு ரெண்டு வாசிங்க பாப்போம்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அப்புறம், டிசம்பரில் வரும்போது சாய்வு நாற்காலி வாங்கித் தருவதாகச் சொன்னாயே, அது வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கி வா. மேல்வரிகள் எனக்கு எட்டவில்லை.

அப்பா