03/04: ஒரு நன்றி மடல்

குழுவின் மற்ற நால்வருக்கும், எங்கள் ஆசிரியருக்கும், பம்ப் அறை ஆபரேட்டருக்கும் வணக்கம்.

சொத்து மேலாண்மை படிக்கிறேன் என்றால் கேட்பவர்கள் நிலம், வீடு, பங்குச்சந்தை என்றுதான் நினைக்கிறார்கள். நாம் படித்ததோ பம்பு, மோட்டார், குழாய்: எதை எப்போது பழுது பார்ப்பது, எப்போது மாற்றுவது, எதைச் சும்மா விடுவது. 2014-இல் வந்த, சொத்து மேலாண்மைக்கான சர்வதேச தரநிலையான ஐஎஸ்ஓ 55000-இன் வரையறைகளை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தேன். ஐந்து நாட்டு மாணவர்கள் ஐந்து பேர், கையில் ஒரு பம்பின் பராமரிப்புப் பதிவேடு. என் மனப்பாடம் அங்கேயே தீர்ந்துபோனது.

சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கை மாற்றியதாக அதில் இரண்டு வரிகள்: 03/04, 05/04. எனக்கு நாள்தான் முதலில், மாதம் அப்புறம். ஆனால் என் எக்செல் மாதத்தை முதலில் வைத்துப் படித்தது. மார்ச் 4, மே 4 என்று அது காட்டியதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு பேரிங் போகிறது, எனவே ஏழு வாரத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே மாற்றிவிடலாம் என்று வரைபடத்தோடு அறிக்கை எழுதினேன். வரைபடம் நன்றாகவே இருந்தது, அதை மட்டும் இன்றும் சொல்வேன்.

மின்பொறியியல் படிக்கும் தோழிக்கு முதல் நன்றி. "இது மே 4-ஆ, ஏப்ரல் 5-ஆ?" என்று கேட்டது நீதான். இரண்டு மாதமா, இரண்டு நாளா என்பதில் கதையே மாறிவிடும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆபரேட்டர் அவர்களே, அன்று நீங்கள் வேலைக்கு நடுவில் வீடியோ அழைப்பில் வந்தீர்கள். உங்கள் மொழி எங்களில் ஒருவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வாக்கியத்தையும் பொறுமையாக மொழிபெயர்த்த அவருக்கும் என் நன்றி. இரண்டே நாள்தான் என்றீர்கள். புது பேரிங் போட்ட மறுநாளே கை வைக்க முடியாத சூடு, காரணம் ஷாஃப்ட் அலைன்மென்ட்: மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. சொன்னதோடு விடவில்லை. பக்கத்தில் பொருத்திக்கொண்டிருந்த இன்னொரு பம்பில், இரு தண்டுகளையும் இணைக்கும் கப்ளிங் மேல் எஃகு ஸ்கேலை வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தீர்கள். ஸ்கேலுக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய கோடாக வெளிச்சம் கசிந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு வாரமாகப் புரியாதது அந்தக் கோட்டில் புரிந்தது.

அதன் பிறகுதான் ஆசிரியர் நௌலன், ஹீப் இருவரும் விமானப் பராமரிப்பு பற்றி 1978-இல் எழுதிய அறிக்கையை அனுப்பினார். விமானப் பாகங்களை ஆராய்ந்ததில், வயதாக ஆகத் தேய்ந்து பழுதாகும் வகை 11 சதவீதம்தான். 68 சதவீதப் பாகங்களோ புதிதாகப் பொருத்திய உடனே பழுதாகும் வாய்ப்பு அதிகம், அதைத் தாண்டிவிட்டால் சீராக ஓடும் வகை. விமானக் கணக்கை அப்படியே பம்புக்கு ஒட்டாதீர்கள் என்றும் எழுதியிருந்தார். சரிதான். ஆனாலும் என் யோசனைப்படி ஏழு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டியிருந்தால், அந்தத் தொடக்க ஆபத்தை வருடத்துக்கு ஏழு முறை நாமே வரவழைத்திருப்போம். ஐயா, என் தவறு உங்களுக்கு முன்பே தெரியும் என்பது என் சந்தேகம். சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்தே நன்றி.

கணக்கியல் தோழரே, கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக அந்தப் பம்பின் மதிப்பு பூஜ்யம் என்று காட்டினீர்கள். பூஜ்யம் அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது! மாற்று என்று சொல்ல அது ஒரு காரணமே இல்லை என்று என்னோடு ஒரு மணி நேரம் வாதாடினீர்கள். நான் தோற்றது நல்லதாகப் போயிற்று. ஐந்து நாட்டிலிருந்து இணையத்தில் கூடும்போது யாராவது ஒருவருக்கு எப்போதும் நள்ளிரவாகத்தான் இருக்கும், அதை வாரத்துக்கு ஒருவர் ஏற்போம் என்று முறை வைத்ததும் நீங்கள்தான்.

கடைசி அறிக்கையில் பம்பையும் மாற்றச் சொல்லவில்லை, பேரிங்கையும் மாற்றச் சொல்லவில்லை. பேரிங் மாற்றும் ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் அளவைப் பதிவேட்டில் எழுத ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னோம். திருத்திய பதிவேட்டை நேற்று ஆபரேட்டருக்கு அனுப்பிவிட்டேன். தேதிகளில் மாதத்தை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.