காஸ் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு, பூக்களுக்குப் பெயர்போன காஸ் பீடபூமிக்குப் போவதாகச் சொன்னாய். புனேயில் உனக்கு வேலை கிடைத்ததுமே எனக்கு நினைவுக்கு வந்த இடம் அது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், ஞாயிறு வேண்டாம். ஒரு நாள் லீவு போட்டாவது வாரநாளில் போ. பூக்காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்யாமல் கிளம்பாதே. சனி ஞாயிறில் சாத்தாரா நகரிலிருந்து மேலே ஏறும் அந்த 25 கிலோமீட்டர் சாலையிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

நீ பார்த்த படங்களில் எல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாவும் மஞ்சளுமாக இருந்திருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பரப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும். காஸில் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், எரிமலைப் பாறை காலங்காலமாகச் சிதைந்து உருவான செம்பாறைத் தளம் அது. அதன்மேல் படிந்திருக்கும் மண் பல இடங்களில் விரல் ஆழம்கூட இராது. மரம் வேர்விட முடியாது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி ஊறிக் கிடக்கும், கோடையில் வெறும் பாறையாகக் காய்ந்துவிடும். சத்தும் குறைவு. இவ்வளவு வறுமையிலும் 850க்கு மேற்பட்ட பூக்கும் தாவரங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. என்னைக் கேட்டால், வறுமை இருப்பதால்தான் இத்தனை வகை என்பேன். வளமான மண்ணாக இருந்தால் உயரமான புல்லும் புதரும் மரமும் இடத்தைப் பிடித்திருக்கும். விரற்கடை உயரச் செடிகளுக்கு வெயிலே கிடைத்திருக்காது.

அந்த ஊதாப் பரப்பில் பெரும்பகுதி யூட்ரிகுலேரியா என்ற செடி. மராத்தியில் 'சீதேச்சி ஆசவே', சீதையின் கண்ணீர். பூ சுண்டுவிரல் நகத்தளவுதான். மண்ணுக்குள் இருக்கும் அதன் கதையைத்தான் நீ தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே கடுகைவிடச் சிறிய பைகளை வைத்திருக்கிறது. பைக்குள் இருக்கும் நீரை வெளியேற்றிவிட்டு, வாயை மூடிக் காத்திருக்கும். நுண்ணுயிர் ஏதாவது வாசலில் உள்ள மயிரைத் தொட்டதும் கதவு திறந்து, நீரோடு சேர்த்து அதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. மண் தராத நைட்ரஜனை அது இப்படிச் சம்பாதிக்கிறது. பக்கத்திலேயே டிரோசெரா என்ற இன்னொரு பூச்சியுண்ணும் செடியும் இருக்கும். இலை மயிர்களின் நுனியில் பிசுபிசுப்பான துளிகள் மின்னும். பனித்துளி என்று நினைத்துவிடாதே, கொசுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார். கையில் ஒரு லென்ஸ் இருந்தால் கேமராவைவிட அதிகம் உதவும்.

வெள்ளைப் பொத்தான்களாக நிற்பது 'கெண்ட்'. இளஞ்சிவப்பு, நம் வீட்டுக் காசித்தும்பையின் உறவு. மஞ்சள் 'சோன்கி' செப்டம்பர் கடைசியில்தான் முழுவீச்சில் வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு மூன்று வாரம்தான் ஆட்சி; மழையைப் பொறுத்து முன்பின் ஆகும். சாத்தாராவின் பெயரையே தாங்கிய அபோனோஜெடான் சாத்தாரென்சிஸ் என்ற நீர்ச்செடி மழையின் முதல் பாதியில் பூப்பது, அதை நீ பார்க்க வாய்ப்பு குறைவு. 'டோப்ளி கார்வி' நம் குறிஞ்சியின் இனம். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு, இதற்கு ஏழு. இந்த முறை இல்லையென்றால் கூடை கவிழ்த்ததுபோல நிற்கும் பச்சைப் புதரையாவது பார்த்துவிட்டு வா.

காலையில் சீக்கிரம் போனால் மலபார் வானம்பாடியின் குரல் கேட்கும். கொண்டை வைத்த, பழுப்பான சின்னப் பறவை. தரையில்தான் கூடு கட்டும். பாதையை விட்டு இறங்காதே என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் மண், அது அவ்வளவு மெல்லியது. ஒரே இடத்தில் பலர் மிதித்தால் விதையும் கிழங்கும் நசுங்கி, அடுத்த மழையில் மண்ணே கரைந்து போய்விடும். பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து படம் எடுக்கச் சொல்லி நண்பர்கள் இழுப்பார்கள். நீ உட்காராதே, அவர்களையும் தடு. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

2012இல் மேற்குத் தொடர்ச்சி மலை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது காஸும் சேர்ந்தது. கூட்டத்தைத் தடுக்க வேலி போட்டார்கள். வேலியால் மாடுகளும் உள்ளே வராமல் போய், புல் ஓங்கிப் பூ குறைகிறது என்று ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் சொல்ல, பிறகு எடுத்துவிட்டார்கள். அதுதான் சரியென்று நினைக்கிறேன். தலைமுறைகளாக மாடு மேய்ந்த நிலம் அது. அந்த ஊர்க்காரர்கள்தான் அங்கே வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள். ஒருவரைக் கூட அழைத்துக்கொள், பேரம் பேசாதே. நீ பத்து முறை கடந்து போகும் செடியை அவர் நின்று காட்டுவார்.

மழைக்கோட்டும் வழுக்காத செருப்பும் எடுத்துக்கொள். எந்தத் தேதி என்று முடிவானதும் சொல், அந்த வாரம் என்ன பூத்திருக்கும் என்று எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா