பேரன் ஒளித்து வைத்த கார்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நலம். அம்மாவின் கால்வலி குறைந்திருக்கிறது. மூன்று வாரங்களாக உன்னிடமிருந்து அழைப்பு இல்லாததால், உனக்கு வேலை மிகுதியாக இருக்கும் என்று அவளுக்குச் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் எழுத வந்தது சின்னவனைப் பற்றி. நீங்கள் வந்திருந்தபோது அவன் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்த அந்தப் பொம்மைக் காரைக் காட்டி, எப்போது வாங்கித் தருவாய் என்று ஒரே நாளில் பதினொரு முறை உன்னைக் கேட்டான். விளம்பர வசனத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். இந்த வயதில் உனக்கும் அதே நினைவாற்றல் இருந்தது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பத்து முறை மறுத்துவிட்டுப் பதினோராவது முறை நீ வாங்கிக் கொடுத்தாய். மறுப்பதென்றால் கடைசி வரை மறுக்க வேண்டும், அல்லது முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

கேமராவைத் தரையோடு தரையாக வைத்துப் படம்பிடிப்பதால் உள்ளங்கையளவு கார் மலையேறும் வண்டியைப்போலத் தெரிகிறது. உறுமலைப் பிறகு சேர்க்கிறார்கள். பேட்டரி தனியாக வாங்க வேண்டும் என்பதை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு எட்டாத பொடி எழுத்தில் போடுகிறார்கள். நீங்கள் புறப்பட்டுச் சென்ற பிறகுதான், சோபாவுக்கு அடியில் அந்தக் கார் கிடந்ததை அம்மா எடுத்தாள். "நான்தான் உடைச்சிட்டேன் பாட்டி, அதான் சத்தம் வரலே, அம்மாகிட்ட சொல்லாதே" என்று அவன் அவளிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறான். பொய் சொன்னது விளம்பரம். குற்றவாளி தானே என்று நம்பியவன் குழந்தை.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நான்கைந்து வயது வரை பல குழந்தைகளுக்கு நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்றே பிரித்தறியத் தெரியாது என்றும், எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விளம்பரம் தம்மை வாங்கத் தூண்டுவதற்காகவே பேசுகிறது என்பது புரியாது என்றும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இல் அறிக்கை தந்திருக்கிறது. ஸ்வீடனில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு 1991 முதல் தடை இருக்கிறதாம். எட்டு, ஒன்பது வயது மாணவர்களின் தொலைக்காட்சி நேரத்தைக் குறைத்ததும் அவர்கள் பொம்மை கேட்பதும் குறைந்ததாக 2001-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஆகவே விளம்பரம் வரும்போது ஒலியை நிறுத்திவிட்டு அவன் அருகில் உட்கார். இது எப்படிப் படம்பிடிக்கப்பட்டது என்று சொல்லிக் கொடு. தொலைக்காட்சி நேரத்தையும் குறைத்துவிடு. அருகில் உட்கார், அதுதான் முக்கியம்.

இவ்வளவும் தெரியாமல்தான் அன்று வாசலில் நின்று, பேராசை பிடித்த பிள்ளையை வளர்க்கிறாய் என்று உன்னிடம் சொன்னேன். நீ பதில் பேசாமல் காரில் ஏறியபோது, அந்தச் சொல்லை உன்மீதே நான் முன்பு ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறேன் என்பது எனக்கு நினைவில் இல்லை. இப்போது இருக்கிறது. உனக்கு ஆறு வயது. பேசும் பொம்மை ஒன்றை விளம்பரத்தில் பார்த்துவிட்டு நாள்தோறும் கேட்டாய். உறவினர் எல்லோரும் கூடியிருந்த கூடத்தில் உன்னைப் பேராசைக்காரி என்றேன். அதன் பிறகு நீ எதையும் கேட்டதில்லை. என் மகள் எதற்கும் ஆசைப்படமாட்டாள் என்று பல ஆண்டுகள் ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன். பத்தாம் வகுப்பில் அறுந்த செருப்பை ஊக்குக் குத்தி ஓராண்டு முழுவதும் நீ போட்டு நடந்ததை, ஆண்டு முடிந்த பிறகே நான் கவனித்தேன். அம்மா மருத்துவமனையில் இருந்த மாதங்களில் உன்னை அந்தத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனவனும் நானேதான். ஆசையை உள்ளே விட்டவன் நான்; அதற்காக அவமானப்பட்டவள் நீ.

காருக்குப் பேட்டரி போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது, மெல்லிய சத்தமும் வருகிறது. நாளை தபாலில் அனுப்புகிறேன். அவன் அதை உடைக்கவில்லை என்பதை, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அவனிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா